இந்தா, இந்தாங்க: ஸ்பானிய ஏவல் வினைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பானியம் படிக்கத் தொடங்கி மூன்றாவது மாதம். ஆசிரியை லீமா நகரத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். இணையவழி வகுப்பு. நோட்டுப் புத்தகத்தை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். எழுந்து போகுமுன், மரியாதையாகத்தான் சொல்கிறோம் என்ற நினைப்பில், "எஸ்பேர, பொர் ஃபவோர்" என்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பாட்டி வயதுக்காரரைப் பார்த்து "ஏய், கொஞ்சம் இரு, தயவு செய்து" என்றால் எப்படி இருக்கும்? அதைத்தான் சொல்லியிருந்தேன். தயவைச் சேர்த்தும் பயனில்லை. வர வேண்டிய சொல் "எஸ்பேரெ". கடைசியில் அகரம் போய் எகரம் வர வேண்டும், அவ்வளவுதான்.

எந்த இலக்கணப் புத்தகத்தைத் திறந்தாலும் இதற்கு ஆறு கட்டம் போட்ட ஒரு அட்டவணை இருக்கும். நானும் அதைப் பல வாரம் உருப்போட்டேன். வாயைத் திறந்தால் அட்டவணை வராது. பிறகு ஒரு நாள், பள்ளியில் தமிழாசிரியர் சொல்லிக்கொடுத்த இரண்டு சொற்கள் கைகொடுத்தன: ஏவல், வியங்கோள். 'வா' என்பது ஏவல். 'வருக' என்பது வியங்கோள். ஸ்பானிய மொழியின் கட்டளைகள் இந்த இரண்டு பெட்டிகளில் அப்படியே போய் உட்கார்ந்துகொள்கின்றன. அதைப் பிடித்துக்கொண்டால் எந்த உயிர் எங்கே மாறுகிறது என்பதை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே வராது. ஒழுங்கான வினைகள், 'செய்' என்று சொல்லும் உடன்பாட்டுக் கட்டளைகள், இந்த எல்லைக்குள்தான் இந்த வழிகாட்டி.

முதலில் எழுத்து

ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். காரணம் சோம்பல் இல்லை. ஸ்பானியக் கட்டளைகளில் பாதி வேலை அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதில் இருக்கிறது. அதைக் காட்ட நம்மிடம் குறில் நெடில் இருக்கிறது. கீழே எந்த அசையில் நெடில் வருகிறதோ, அங்கே அழுத்திச் சொல்லுங்கள். மற்றவை எல்லாம் குறில். உண்மையில் ஸ்பானிய உயிர்கள் நம் நெடில் அளவுக்கு நீளாது. ஆனால் நம் காதுக்கு அழுத்தத்தைக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டு உயிர்களுக்கு நடுவில் வரும் ஒற்றை 'த', 'ப', 'க' மூன்றையும் 'பாதம்', 'சபை', 'பகல்' என்பதில் போல மென்மையாகச் சொல்லுங்கள். ஸ்பானியரும் அப்படித்தான் சொல்கிறார்கள். வல்லோசை வேண்டிய இடத்தில் இரட்டித்து எழுதியிருக்கிறேன். 'வ' என்று நான் எழுதும் இடத்தில் அவர்கள் உதடு பகரத்துக்கும் வகரத்துக்கும் நடுவே நிற்கும். 'ஹ' கொஞ்சம் தொண்டையிலிருந்து வர வேண்டும். சொல்லின் ஸ்பானிய எழுத்து வடிவத்துக்கு ஓர் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி ஒன்று: வினையின் குடும்பத்தைப் பாருங்கள்

தமிழில் அகராதியில் இருப்பதே கட்டளைதான். 'எடு', 'நட', 'பேசு' என்று பகுதியை அப்படியே சொன்னால் ஏவல் ஆகிவிடும். ஸ்பானிய அகராதியில் இருப்பது 'எடுக்க', 'நடக்க' என்பது போன்ற வடிவம். அது எப்போதும் ரகர ஒற்றில் முடியும். அதற்கு முன்னால் இருக்கும் உயிர்தான் குடும்பப் பெயர்: ஆர், ஏர், ஈர் என்று மூன்று குடும்பம்.

மூன்றிலும் முழுக்க ஒழுங்கான ஒவ்வொரு வினையை எடுத்துக்கொள்வோம்:

தொமார்: எடுக்க, குடிக்க
கொமேர்: சாப்பிட
சுபீர்: ஏற, ஏற்ற

ஆர், ஏர், ஈர் மூன்றையும் வெட்டி எறிந்தால் மிஞ்சுவது தொம், கொம், சுப். இதுதான் பகுதி. ஒழுங்கான வினை என்றால் இந்தப் பகுதி எங்கேயும் நிறம் மாறாது. மாற்றம் எல்லாம் வாலில்தான்.

படி இரண்டு: 'நீ'யிடம் சொல்லும் ஏவல்

ஸ்பானிய மொழியில் 'நீ' என்பது 'தூ'. நண்பன், தம்பி, குழந்தை, நாய்க்குட்டி, கடவுள் எல்லோரும் 'தூ'. இவர்களிடம் சொல்லும் கட்டளை எளிது. ரகர ஒற்றைக் கழற்றுங்கள், அழுத்தத்தை முன்னால் தள்ளுங்கள்.

தொமார் → தோம (எடு)
கொமேர் → கோமெ (சாப்பிடு)
சுபீர் → சூபெ (ஏறு)

ஈர் குடும்பத்தில் மட்டும் ஒரு சின்ன விஷயம்: இகரம் எகரமாகிவிடும். 'சூபி' கிடையாது, 'சூபெ' தான்.

இந்தச் சொற்களையே படர்க்கை நிகழ்காலத்திலும் பார்ப்பீர்கள். 'தோம' என்றால் 'எடு' என்றும் பொருள், 'அவள் எடுக்கிறாள்' என்றும் பொருள். குழப்பமாக இருக்குமே என்றால், பேச்சில் ஒருபோதும் குழம்பாது. ஏவும் குரல் வேறு, சேதி சொல்லும் குரல் வேறு. எழுத்தில் கட்டளை என்றால் பல இடங்களில் முன்னால் ஒரு தலைகீழ் ஆச்சரியக்குறி நின்று முன்கூட்டியே சொல்லிவிடும்: ¡தோம!

'தோம' என்ற இந்த ஒரு சொல்லைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். யாராவது ஒரு பொருளை நீட்டிக்கொண்டு "தோம" என்றால், அதற்குத் தமிழில் 'எடு' என்பது சரியான சொல் இல்லை. 'இந்தா' என்பதுதான் சரி. சாவியை நீட்டும்போது, சில்லறை கொடுக்கும்போது, குழந்தைக்கு பிஸ்கட் கொடுக்கும்போது எல்லாம் 'தோம'. பெரியவரிடம் நீட்டினால் 'தோமெ', அதாவது 'இந்தாங்க'. அதேபோல 'மிரார்' என்றால் பார்க்க. "மீர..." என்று இழுத்துப் பேச்சைத் தொடங்குவார்கள், நாம் "இங்க பாரு..." என்று தொடங்குவது போல. மரியாதைக்கு "மீரெ", அதாவது "பாருங்க". இந்த நான்கையும் முதல் வாரத்திலேயே வாயில் போட்டுக்கொள்ளுங்கள். விதி பிறகு தானாக ஒட்டிக்கொள்ளும்.

படி மூன்று: 'தாங்கள்' வந்தால் வியங்கோள்

நான் சறுக்கிய இடம் இது. பலரும் சறுக்குவது இங்கேதான்.

மரியாதைக்குரிய ஒருவரை ஸ்பானியர் 'உஸ்தேத்' என்பார்கள். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இலக்கணம் தானே விளங்கும். பழைய காலத்தில் பெரிய மனிதரை நேராக 'நீர்' என்று சுட்டாமல், 'வுயேஸ்த்ர மெர்ஸேத்' என்றார்கள். 'உங்கள் அருள்' என்று சொல்லலாம். நாம் பழைய கடிதங்களில் 'தங்கள் சமூகத்துக்கு' என்று எழுதியதைப் போல. அது தேய்ந்து தேய்ந்து 'உஸ்தேத்' ஆனது. எதிரில் நிற்பவரையே மூன்றாம் ஆள் போலப் பேசுவதால், வினையும் படர்க்கை வினைதான். மூன்றாம் ஆளை எப்படி ஏவுவது? 'அவர் வா' என்று சொல்ல முடியாது. 'அவர் வருக' என்றுதான் சொல்ல முடியும். ஆகவே உஸ்தேத்துக்கு ஏவல் இல்லை, வியங்கோள்தான்.

நம் வியங்கோளும் இப்படித்தான். 'வாழ்க' என்பதை யாருக்கும் சொல்லலாம். திணை, பால், இடம் எல்லாவற்றுக்கும் பொது. வாழ்த்து, வேண்டுகோள், மரியாதையான கட்டளை எல்லாம் அதில் அடங்கும். ஸ்பானிய மொழியிலும் அதே வடிவம்தான் வாழ்த்துக்கும் வருகிறது. செய்திகளில் 'விவா' என்று கோஷம் கேட்டிருப்பீர்கள். அது 'விவீர்', அதாவது வாழ, என்ற வினையின் வியங்கோள்: வீவ. "வீவ எல் ரேய்" என்றால் "மன்னர் வாழ்க". அதே 'வீவ'வை எதிரில் உள்ள ஒரு பெரியவரிடம் சொன்னால் 'வாழுங்கள்'. ஒரே சொல்தான், ஒரே மனநிலைதான்.

இப்போது அமைக்கும் முறை. உயிரை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றுங்கள். ஆர் குடும்பம் எகரம் எடுக்கும். ஏர், ஈர் குடும்பங்கள் இரண்டும் அகரம் எடுக்கும்.

தொமார் → தோமெ (எடுங்கள்)
கொமேர் → கோம (சாப்பிடுங்கள்)
சுபீர் → சூப (ஏறுங்கள்)

இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். 'எகரத்தில் முடிந்தால் மரியாதை' என்று நான் முதலில் நினைத்துக்கொண்டேன். அது தவறு. 'தோமெ' மரியாதை, ஆனால் 'கோமெ' மரியாதை இல்லை. 'எஸ்பேரெ' மரியாதை, 'சூபெ' மரியாதை இல்லை. கடைசி உயிரை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. குடும்பத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்: சொந்த வீட்டு உயிரோடு வந்தால் ஏவல், வேற்று வீட்டு உயிரை அணிந்து வந்தால் வியங்கோள். விருந்தாளி முன்னால் வீட்டு உடையில் வரமாட்டோமே, அப்படி.

சொல்லப்போனால் 'கோம' என்பதற்கு 'சாப்பிடுங்கள்' என்பதோடு 'காற்புள்ளி' என்றும் பொருள், மருத்துவமனையில் சொல்லும் 'கோமா' என்றும் பொருள். இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

'உஸ்தேத்' என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்ல விரும்பினால், வினைக்குப் பின்னால் வையுங்கள்: "தோமெ உஸ்தேத்". நாம் 'நீங்க எடுங்க' என்று முன்னால் வைப்போம். கட்டளையில் அவர்கள் வழக்கம் பின்னால். சேர்க்காவிட்டாலும் ஒன்றும் குறையாது. 'தோமெ' என்பதிலேயே மரியாதை முழுதாக இருக்கிறது.

இந்த வடிவத்தைத்தான் ஊரெங்கும் எழுதி மாட்டியிருப்பார்கள், ஏனென்றால் பலகை யாரோடும் தோள்மேல் கைபோட்டுப் பேசாது. கதவில் 'எம்ப்பூஹெ' என்றிருந்தால் தள்ளுங்கள். ஸ்பெயினில் 'தீரெ' என்றிருந்தால் இழுங்கள். மெக்சிகோவில் அதற்கே 'ஹாலெ' என்றிருக்கும். தென் அமெரிக்காவின் பல நாடுகளில் சாலையோரச் சிவப்பு எண்கோணத்தில் 'பாரெ' என்று இருக்கும். தமிழ்க் கண்ணுக்கு அது 'பாரேன்' என்பது போலத் தோன்றும், பார்த்துக்கொண்டே போய்விடாதீர்கள். 'பரார்' என்றால் நிற்க. 'பாரெ' என்றால் வண்டியை நிறுத்துங்கள். மெக்சிகோவில் அதே பலகையில் வேறு சொல் இருக்கும்: 'ஆல்தொ'. அது வினையே இல்லை.

மெக்சிகோவில் இன்னொரு அழகான வழக்கம். பெரியவர் பேசியது காதில் சரியாக விழவில்லை என்றால் குழந்தைகள் "என்ன?" என்று கேட்கக் கூடாது, "மாந்தெ" என்று கேட்க வேண்டும் எனச் சொல்லிக்கொடுப்பார்கள். 'மந்தார்' என்றால் ஆணையிட, அனுப்ப. 'மாந்தெ' என்றால் 'ஆணையிடுங்கள்'. நம் பழைய 'உத்தரவு' நினைவுக்கு வருகிறது இல்லையா?

படி நான்கு: பலர் இருந்தால்

தமிழருக்கு எளிதில் வரும் ஒரு தவறு இங்கே உண்டு. நம் 'நீங்கள்' இரண்டு வேலை பார்க்கிறது: ஒருவருக்கு மரியாதை, பலருக்குப் பன்மை. ஸ்பானியர் இதைப் பிரித்துவிட்டார்கள். ஒரு பெரியவர் என்றால் உஸ்தேத், பலர் என்றால் 'உஸ்தேதெஸ்'. பலருக்குச் சொல்லும் கட்டளை, உஸ்தேத் கட்டளையோடு ஒரு னகர ஒற்றைச் சேர்த்தால் வந்துவிடும்.

தோமெ → தோமென்
கோம → கோமன்
சூப → சூபன்

எடுங்க, சாப்பிடுங்க, ஏறுங்க என்று மனத்தில் ஓடும்போது, ஒரே ஒரு பெரியவர் எதிரில் நின்றாலும் நாக்கு 'சூபன்' என்று ஓடும். அவர் திரும்பித் தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார். தலையை எண்ணிவிட்டுச் சொல்லுங்கள்.

லத்தீன் அமெரிக்கா முழுக்க, பலர் என்றால் உஸ்தேதெஸ் மட்டும்தான். நண்பர் கூட்டமானாலும் சரி, அமைச்சர் கூட்டமானாலும் சரி. ஸ்பெயினில் மட்டும் நெருக்கமான பலருக்கு 'வொஸோத்ரொஸ்' என்று தனிச்சொல் இருக்கிறது. அந்த ஸ்பெயினுக்குள்ளேயே கனரித் தீவுகளிலும் ஆண்டலூசியாவின் மேற்குப் பகுதியிலும் உஸ்தேதெஸ்தான் பேச்சில் ஓடுகிறது. வொஸோத்ரொஸ் கட்டளைதான் இருப்பதிலேயே எளிது: அகராதி வடிவத்தின் ரகர ஒற்றை எடுத்துவிட்டுத் தகர ஒற்றைப் போடுங்கள். அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

தொமார் → தொமாத்
கொமேர் → கொமேத்
சுபீர் → சுபீத்

லத்தீனின் பன்மை ஏவலிலிருந்து நேராக வந்தது இது. நம் 'கேண்மின்', 'வம்மின்' எல்லாம் பாட்டோடு நின்றுவிட்டன. லத்தீன் அமெரிக்கர் காதுக்கு 'தொமாத்' அந்த மாதிரிதான் ஒலிக்கும், தேவாலயத்தில் கேட்கும் சொல்லாக. ஸ்பெயினிலேயே பேச்சில் பலர் தகர ஒற்றைச் சொல்லச் சோம்பி, "¡சுபீர்!" என்று அகராதி வடிவத்தையே கத்துவார்கள். அரச ஸ்பானிய அகாதமி இதைப் பரிந்துரைப்பதில்லை. பேருந்து ஓட்டுநர் அகாதமியைக் கேட்டுக்கொண்டு வண்டி எடுப்பதில்லை.

படி ஐந்து: அர்ஜென்டினாவின் 'வோஸ்'

அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதி ஆகிய இடங்களில் 'தூ'வுக்குப் பதிலாக 'வோஸ்' என்பார்கள். பல பாடப்புத்தகங்கள் இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோடிக்கணக்கானோர் வீட்டில் பேசும் வடிவம் அடிக்குறிப்பு ஆகாது. அதோடு, அமைப்பதற்கும் இது சுலபம்: ரகர ஒற்றைக் கழற்றுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள்.

தொமார் → தொமா
கொமேர் → கொமே
சுபீர் → சுபீ

வொஸோத்ரொஸ் வடிவத்தின் தகர ஒற்று உதிர்ந்தால் இதுதான் மிஞ்சும், வரலாறும் அதுவே. தூ வடிவத்தோடு ஒப்பிட்டால் நெடில் எங்கே இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு: தோம, தொமா. ஸ்பானிய எழுத்தில் அந்தக் கடைசி உயிரின் தலையில் ஒரு சாய்கோடு போடுவார்கள். போனஸ் அயர்ஸில் "மீர" என்றாலும் புரிந்துகொள்வார்கள். "மிரா" என்றால் முகம் மலரும்.

படி ஆறு: 'செய்வோம்'

'நாம்' சேர்ந்து செய்வோம் என்று அழைக்க, உஸ்தேத்தின் உயிரை எடுத்து 'மொஸ்' சேர்க்க வேண்டும்: தொமேமொஸ், கொமாமொஸ், சுபாமொஸ். கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்' இது, 'நாங்கள்' இல்லை. எழுத்தில், மேடையில் நன்றாக இருக்கும். அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் "வாமொஸ் அ கொமேர்" என்றுதான் கேட்பீர்கள். தொடக்கத்தில் இதையே வைத்துக்கொண்டு பிழைக்கலாம்.

படி ஏழு: வாலில் ஒட்டும் 'அதை', 'எனக்கு'

நாம் 'அதை எடு', 'எனக்கு அனுப்பு' என்று முன்னால் வைப்பதை, ஸ்பானியக் கட்டளை பின்னால் ஒட்டிக்கொள்ளும். இடைவெளி கிடையாது, ஒரே சொல்.

தோம + லொ → தோமலொ (அதை எடு)
எஸ்பேரெ + மெ → எஸ்பேரெமெ (எனக்காகக் காத்திருங்கள்)
மாந்த + மெ + லொ → மாந்தமெலொ (அதை எனக்கு அனுப்பு)

இரண்டு வந்தால் ஆள் முதலில், பொருள் பிறகு. எவ்வளவு ஒட்டினாலும் அழுத்தம் பழைய இடத்தை விட்டு நகராது; 'தோ', 'பே', 'மா' அப்படியே நிற்பதைப் பாருங்கள். ஸ்பானிய எழுத்தில் மட்டும், சொல் நீண்டு அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாம் அசைக்கோ அதற்கும் முன்னாலோ போய்விட்டால், அந்த உயிர்மேல் சாய்கோடு போட்டாக வேண்டும். போடாமல் விட்டால் எழுத்துப் பிழை.

கை கழுவுவதை வைத்து எல்லா ஆட்களையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம். 'லவார்' என்றால் கழுவ. 'தன்' கையைக் கழுவுவதால் பின்னால் ஒரு சிறுசொல் ஒட்டும். அம்மா பிள்ளையிடம்: "லாவத்தெ லஸ் மானொஸ்". அதே அம்மா போனஸ் அயர்ஸில் இருந்தால்: "லவாத்தெ". கழிவறைச் சுவரில் ஒட்டிய தாள்: "லாவெஸெ". பலருக்கு: "லாவென்ஸெ". 'நாம் கழுவுவோம்' என்னும்போது 'லவேமொஸ்' என்பதன் கடைசி ஸகர ஒற்று உதிர்ந்து "லவேமொனொஸ்" ஆகும். வொஸோத்ரொஸில் தகர ஒற்று உதிர்ந்து "லவாஒஸ்" ஆகும். இந்தத் தகர ஒற்றை ஸ்பெயின்காரர்கள் ரகர ஒற்றாக மாற்றிச் சொல்வது தீராத வழக்கம். ஒரே ஒரு சொல்லில், 'போய்விடுங்கள்' என்பதில் மட்டும், 2017இல் அகாதமியே இறங்கி வந்து 'ஈரொஸ்' என்பதையும் ஏற்றுக்கொண்டது. மற்ற வினைகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

எழுதும்போது மட்டும் வரும் தொல்லை

'புஸ்கார்' தேட, 'பகார்' பணம் செலுத்த, 'க்ருஸார்' கடக்க. உஸ்தேத்துக்குச் சொல்லும்போது பூஸ்கெ, பாகெ, க்ரூஸெ. காதுக்கு எல்லாம் விதிப்படிதான். ஆனால் ரோமன் எழுத்தில் சில மெய்கள் எகரத்துக்கு முன் ஒலி மாறிவிடும் குணம் உள்ளவை. ககர ஒலி தரும் 'சி' எழுத்து எகரத்துக்கு முன் ஸகரமாகிவிடும். அதைத் தடுக்க 'க்யூ', 'யூ' இரண்டையும் போடுகிறார்கள். 'ஜி' எழுத்துக்குப் பின்னும் ஒரு 'யூ' வைத்துக் காவல் காக்கிறார்கள். 'இசட்' எழுத்து 'சி' ஆகிவிடும். ஏர் குடும்பத்தில் 'ரெக்கொஹேர்', அதாவது பொறுக்கி எடுக்க, 'ரெக்கோஹ' ஆகும்போது 'ஜி' போய் 'ஜே' வரும். இதை ஒழுங்கற்ற வினை என்று பயமுறுத்துவார்கள். இல்லை; ஒலியைக் காப்பாற்ற எழுத்து வேஷம் மாறுகிறது, அவ்வளவுதான்.

உண்மையிலேயே ஒழுங்கற்றவை தூ ஏவலில் எட்டு: தீ, ஆஸ், வே, போன், சால், சே, தேன், வேன். வரிசையாக: சொல், செய், போ, வை, வெளியே வா, இரு, வைத்துக்கொள், வா. தமிழில் எழுதினால் பாதி நமக்குத் தெரிந்த சொற்களாகவே தெரிவதால் மறக்காது. அவற்றின் கதை இன்னொரு நாளைக்கு.

இன்னொரு எச்சரிக்கை மட்டும். 'செய்யாதே' என்று சொல்ல, 'தோம' முன்னால் ஒரு 'நொ' போட்டால் போதாது. எதிர்மறையில் 'தூ' கூட வியங்கோள் பக்கம் போய்விடும்: "நொ தோமெஸ்". நாமும் 'எடு' என்பதை 'எடுக்காதே' என்று வேறு வடிவத்துக்குத்தானே மாற்றுகிறோம்?

யாரிடம் எது?

விதி தெரிந்தபின் இதுதான் கடினம், இதற்கு ஊர் ஊராக விடை மாறும். ஸ்பெயினில் கடைக்காரரிடம், முன்பின் தெரியாத இளைஞரிடம் தூ ஏவல் சர்வசாதாரணம், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். பொகோட்டாவில் நெருங்கிய நண்பர்கள்கூட உஸ்தேத் என்று பேசிக்கொள்வதைக் கேட்கலாம். கோஸ்டா ரிக்காவில் குழந்தைக்கும் வீட்டு நாய்க்கும்கூட உஸ்தேத் கிடைக்கும். கொலம்பியாவில் காபி கேட்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது: "ரெகாலெமெ உன் தீன்தொ". 'ரெகலார்' என்றால் பரிசளிக்க, முழுக்க ஒழுங்கான ஆர் வினை. 'எனக்கு ஒரு கறுப்புக் காபி பரிசளியுங்கள்' என்கிறார்கள். காசு கொடுத்துத்தான் குடிக்க வேண்டும். இதையே மத்ரித்தில் சொன்னால் இலவசமாக ஒரு சிவப்பு ஒயின் கேட்கிறீர்கள் என்று நினைப்பார்கள், 'தீன்தொ' அங்கே அதுதான்.

ஐயம் வந்தால் உஸ்தேத்தில் தொடங்குங்கள். எதிரில் இருப்பவரே 'தூ என்றே சொல்லு' என்று இறக்கிவிடுவார். மரியாதை கூடிப்போனதால் யாரும் சண்டைக்கு வந்ததில்லை. என் ஆசிரியை விஷயத்தில் நான் தலைகீழாகத் தொடங்கினேன்.

கைப்பழக்கம்: ஒரு முட்டைப் பொரியல்

பயிற்சிக்குச் சமையல் குறிப்பைவிட நல்லது எதுவும் இல்லை, வரிக்கு ஒரு கட்டளை. ஸ்பெயினின் உருளைக்கிழங்கு முட்டை அடை, 'தொர்த்தீய'. உஸ்தேத் வடிவத்தில்:

பேலெ லஸ் பத்தாத்தஸ்: உருளைக்கிழங்கைத் தோலுரியுங்கள்.
கோர்த்தெ ல செபோய: வெங்காயத்தை நறுக்குங்கள்.
கொஸீனெ தோதொ: எல்லாவற்றையும் சமையுங்கள், ஆலிவ் எண்ணெயில், தீயைக் குறைத்து.
பாத்த லொஸ் வேவொஸ்: முட்டைகளை அடியுங்கள்.
அஞாத சால்: உப்புச் சேருங்கள்.
மேஸ்க்லெ தோதொ: கலக்குங்கள்.
தாப்பெ ல ஸர்த்தேன்: வாணலியை மூடுங்கள்.

வெங்காயம் போடலாமா கூடாதா என்பது ஸ்பெயினில் வீட்டுக்கு வீடு நடக்கும் சண்டை. நான் போடும் கட்சி. லத்தீன் அமெரிக்காவில் இதே கிழங்கு 'பத்தாத்த' இல்லை, 'பாப்ப'.

இப்போது மேலே பார்க்காமல், இதையே தம்பிக்குச் சொல்வது போல மாற்றுங்கள். வினைகள் பெலார், கொர்த்தார், கொஸினார், பத்தீர், அஞதீர், மெஸ்க்லார், தப்பார். வர வேண்டிய விடைகள்: பேல, கோர்த்த, கொஸீன, பாத்தெ, அஞாதெ, மேஸ்க்ல, தாப்ப. நான்காவதிலும் ஐந்தாவதிலும் மட்டும் உயிர் எதிர்த்திசையில் போனது உங்கள் கையிலும் அப்படியே வந்திருந்தால், படி மூன்று உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். வராவிட்டால் அந்த இரண்டும் ஈர் குடும்பம் என்பதை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். அடுத்து போனஸ் அயர்ஸ் தம்பிக்கு: பெலா, கொர்த்தா, கொஸினா, பத்தீ, அஞதீ, மெஸ்க்லா, தப்பா. கடைசிச் சொல்லைக் கேட்டு நீங்கள் பயந்துகொள்ள வேண்டாம், மூடச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

அடை வெந்ததும் அடுக்களையிலிருந்து ஒரு குரல் வரும்: "¡அ கொமேர்!" சாப்பிட வாங்க! தூவா உஸ்தேத்தா, ஒருவரா பலரா, எந்தக் குடும்பத்து உயிர் என்று எதையும் அது கேட்காது. வீட்டில் இருக்கிற எல்லோரும் எழுந்து வந்துவிடுவார்கள்.